கரையேறிய புள்ளி

“ஏளா பிலோமி, நம்ம தோணி விளாத்திகுளத்துல நிக்குன்னு காட்டுதே. மொளகா மூட்டை ஏத்தப் போயிருக்கோ?”

போனில் தோணி முதலாளி அம்புரோஸ் அண்ணாச்சி சிரித்தார். சிரித்து முடித்ததும், தோணி கரை சேர்ந்தவுடன் பெட்டியைக் கழற்றிவிடப் போவதாகச் சொன்னார்.

பிலோமிக்கு முகம் சுருங்கிவிட்டது. தோணி நிற்கும் இடத்தைக் கரைக்குச் சொல்லும் அந்தப் பெட்டிக்கு நிரல் எழுதியவள் அவள். ஆறு மாதம் அலைந்து, தோணியை ஓட்டும் தண்டல் ஜெனோவும் சேர்ந்து கெஞ்சிய பிறகுதான் அண்ணாச்சி சம்மதித்திருந்தார்.

மாலத்தீவு போய்த் திரும்பிய தோணி துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டிருக்கிறது. திரையில் புள்ளியோ கரிசல் காட்டில்.

காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே மடிக்கணினியைத் திறந்தாள்.

நிரல், மணி என்ன என்று கேட்பதற்காக, பெட்டியின் எல்லா வேலைகளையும் நடத்தும் கெர்னலுக்குள் போய்வரும். போகும்போது ரெஜிஸ்டர்கள் என்னும் சின்னச் சின்ன எண் அறைகளில் என்ன எண்கள் இருந்தனவோ, திரும்பும்போதும் அவையே இருக்க வேண்டும். இதில் பேரமே கிடையாது.

ஒவ்வொரு ரெஜிஸ்டரிலும் தெரிந்த எண் ஒன்றைப் போட்டு, லட்சம் முறை போய்வர விட்டாள். ஒரு குறையும் இல்லை. பிறகு, திரும்புகிற நேரம் பார்த்து வேறொரு வேலை குறுக்கிடும்படி செய்தாள்.

ஒரு ரெஜிஸ்டரில் மட்டும் வேறு எண். தோணி நிற்கும் இடத்தைக் கணக்கிடும் எண் தங்குவது அதில்தான்.

அந்த வழியில் மட்டும் எட்டு எண்களை வாங்கிவைத்த கெர்னல், ஏழைத்தான் திருப்பிக் கொடுத்திருந்தது. அந்தப் பகுதியை எழுதிய புண்ணியவதியும் அவள்தான்.

தலையில் அடித்துக்கொண்டு, விட்டுப்போன வரியைச் சேர்த்துப் பெட்டிக்கு அனுப்பினாள். புள்ளி ஒரே தாவலில் கடலுக்குப் போனது. அப்பாடா என்றிருந்தது.

மத்தியானம் சாப்பிட்டுக் கைகழுவி வந்து பார்த்தால், புள்ளி மறுபடி கரையில்.

அழுகையே வந்துவிட்டது. வரைபடத்தைப் பெரிதாக்கினாள்.

விளாத்திகுளம் இல்லை. தூத்துக்குடிதான். கடற்கரைச் சாலையில் போய்க்கொண்டிருந்த புள்ளி, அவள் பார்க்கப் பார்க்க மாதா கோயிலைத் தாண்டி, அவள் தெருவுக்குள் நுழைந்தது.

நாலு வீடு. மூன்று வீடு.

வாசலில் தண்டல் ஜெனோ நின்றான். கக்கத்தில் பெட்டி, பச்சை விளக்கு எரிந்தபடி. கையில் மாசிக் கருவாட்டுப் பொட்டலம்.

“அண்ணாச்சி கழத்திரச் சொன்னாரு, கொண்டாந்துட்டேன்” என்றவன், செருப்பை விட்டுக்கொண்டே குரலைத் தாழ்த்தினான். “நம்ம பிள்ள முழிச்சிருக்காளா? யாரு சாயல்?”

பெட்டி சரியாகிவிட்டது என்று அண்ணாச்சியிடம் காட்ட, வாசல்வரை வந்த இந்தப் புள்ளியைவிட வேறு சாட்சி வேண்டாம். ஆனால் அந்த நேரத்தில் பிலோமிக்கு அண்ணாச்சி ஞாபகமே இல்லை. அவனைத் தலையிலிருந்து கால்வரை சரிபார்த்தாள்.

போகும்போது இருந்ததெல்லாம் அப்படியே திரும்பியிருந்தது.

தாடி மட்டும் புதிது.