முக்கியமான இடம் காலி

“குடும்பத்துல மத்த எல்லாரும் நல்ல வேலைக்காரங்க. இதுவும் பாக்க அச்சு அசல் அவங்க மாதிரிதான். ஆனா ஒரு வேலையும் செய்ய மாட்டேங்குது” என்றாள் ஐரின்.

கதவுக்கு வெளியே நின்ற தனிஸ்லாஸுக்குக் காது சுட்டது. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போவதற்குள், பெண் ஐரினை நேரில் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று வில்லாபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி அவள் ஆராய்ச்சி செய்யும் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்திருந்தார். வந்த இடத்தில் மகன் டோனியின் வண்டவாளம் தண்டவாளம் ஏறிக்கொண்டிருந்தது.

“எதக் குடுத்தாலும் செய்யலையா?” இது அவளுடைய தோழி முத்துமீனா.

“பதினோரு தடவ மாத்தி மாத்திக் குடுத்துப் பாத்துட்டேன். அப்படியே உக்காந்திருக்கு.”

பதினொன்று சரிதான். டோனி சேர்ந்து, சேர்ந்த வேகத்தில் திரும்பி வந்த கம்பெனிகள் அத்தனை. அது வீட்டில் மூன்று பேரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாதே என்று தனிஸ்லாஸ் குழம்பினார்.

“ஏன்னு தெரிஞ்சுச்சா?”

“எக்ஸ்ரேல பாத்தாச்சு. முக்கியமான எடம் காலி.”

ஏழு வயதில் மாமரத்திலிருந்து விழுந்த டோனிக்கு மண்டையில் எக்ஸ்ரே எடுத்தது அவருக்கு ஞாபகம் வந்தது. அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

“ஏம்மா, நான் டோனியோட அப்பா. அவன் வேலவெட்டி இல்லாம இருக்குறது வாஸ்தவந்தான். பத்து மணி வரைக்கும் தூங்குறான், அதையும் ஒத்துக்கிறேன். அதுக்காக மண்ட காலின்னு பேசுறது நல்லா இல்ல.”

முத்துமீனா வாயைப் பொத்திக்கொண்டாள். கையில் கண்ணாடிக் குழாயோடு எழுந்து நின்றாள் ஐரின்.

“ஐயோ அங்கிள், நாங்க ஒரு புரோட்டீனப் பத்திப் பேசிட்டிருந்தோம். நரம்பு எந்தப் பக்கம் வளரணும்னு வழிகாட்டுறதே அதுதான். அதோட குடும்பத்துல மத்ததெல்லாம் என்சைம். குடுத்தத வெட்டிப் போடும். இது உருவத்துல மட்டுந்தான் அப்படி. எக்ஸ்ரே விட்டு அதோட உருவத்தப் பாத்தா, வெட்டுற வேல நடக்க வேண்டிய எடத்துல ஒண்ணுமே இல்ல.”

“புரோட்டீனா?”

தனிஸ்லாஸ் ஸ்டூலில் உட்கார்ந்தார். முத்துமீனா நீட்டிய பாட்டிலில் பாதித் தண்ணீரைக் குடித்த பிறகு அவருக்கே சிரிப்பு வந்தது.

“கிறுக்குத்தனமாப் பேசிட்டேன். தப்பா எடுத்துக்காதம்மா. ஞாயித்துக்கெழம குடும்பத்தோட வாரோம்.”

வாசல் தாண்டப் போனவரை ஐரின் கூப்பிட்டாள்.

“அங்கிள், மாப்பிள்ளை பேங்க் மேனேஜர்னுல்ல சொன்னீங்க?”