ஐந்தாம் லெவல் வரை குரல் கிடையாது

சூப்பர்ஹீரோ விளையாட்டுக்குள் வேலைக்குப் போன பிள்ளைகள் வீட்டுக்குப் போன் செய்வதில்லை என்பது பெரம்பூருக்கே தெரிந்த கதை. பேச வேண்டுமென்றால் பெற்றவர்கள்தான் வி.ஆர். கண்ணாடி மாட்டி, முகமூடியோடு உள்ளே போகவேண்டும். அங்கேயும் ஐந்தாம் லெவல் வந்தால்தான் குரல் திறக்கும். மூன்றாம் மாடி வேதவல்லி, மகன் பிரதாப்போடு ஒரு வார்த்தை பேசுவதற்காக ஆடியிலிருந்து இரண்டாம் லெவலிலேயே உட்கார்ந்திருந்தாள். வில்லனை அடிக்கச் சொன்னால், பாவம் என்று நகர்ந்துவிடுவாள்.

“உங்களுக்கு அடிதடி ஒத்துவராதுக்கா. மாடியிலேருந்து குதிங்க. பெரிய ஹீரோ யாராச்சும் வந்து பிடிப்பாங்க, பாயிண்ட் ஏறும்,” என்றாள் எதிர்வீட்டு ரோஸ்லின். யோசனை சொல்வதில் அவள் கஞ்சத்தனம் பார்த்ததே இல்லை.

வேதவல்லி கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே போய், விளையாட்டிலிருந்த ஒரு மாடியிலிருந்து குதித்தாள். பாதி வழியில் பச்சை அங்கிக்காரன் ஒருவன் தாங்கிப் பிடித்தான்.

“பாயிண்டுக்காக வேணும்னே விழறீங்கல்ல? புதுசா வர்றவங்களுக்கு இதே பொழப்பாப் போச்சு. இன்னொரு தடவை பிடிக்கமாட்டேன்.”

குரல் பிரதாப்புடையதேதான். அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். வாய் மட்டும் அசைந்தது. அவன் பறந்துவிட்டான்.

கண்ணாடியைக் கழற்றியதும் ரோஸ்லின் நாற்காலியை நெருக்கிப் போட்டாள்.

“யாருக்கா பிடிச்சது?”

“என் பையன்தான்.”

“என்ன சொன்னான்?”

வேதவல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“நான் ரொம்ப இளைச்சுட்டேனாம்.”