யார் போட்ட ரூட்டு?

ஆஸ்பத்திரியின் கிளைகளுக்குத் தகவல் போய்வரும் ஸ்டாடிக் ரூட்டுகளை, அதாவது நிலையான வழிகளை, இப்போது ஒரு தானியங்கி ஸ்கிரிப்ட்தான் மேய்க்கிறது. அதன் பட்டியல் ஃபைலில் இல்லாத ரூட்டை ரவுட்டரிலிருந்து தானாகவே அழித்துவிடும். அதனால் ஓடவிடுமுன் நெட்வொர்க் பிரிவு புஷ்ரா ஒத்திகை பார்த்தாள். ஃபைலில் இல்லாத ஒரு ரூட் இடித்தது.

“ஆனந்த், இது யார் போட்டது?”

“தனபாலன் சார் கையால போட்டாரு. ஃபைல்ல ஏத்தல. லீவுல கீறாரு, போன் போட்டுக் கேளு.”

அடித்து அடித்துப் பார்த்தாள். அவர் எடுக்கவில்லை.

“கேக்க ஆளில்லாத ரூட்டு. தூக்கிடு,” என்றான் ஆனந்தகுமார்.

மத்தியானம் தூக்கினாள்.

சாயங்காலம் தனபாலன் எண்ணிலிருந்தே போன் வந்தது. பேசியது ஒரு நர்ஸ்.

“கோட்டூர்புரம் பிராஞ்ச் ஐ.சி.யூ.லேர்ந்து பேசறேன். மத்தியானத்துலேர்ந்து எங்க மானிட்டர் அலாரம் எதுவும் மயிலாப்பூர் மெயின் ஆஸ்பத்திரி டாக்டருக்குப் போகலையாம். இங்க அட்மிட் ஆயிருந்த இந்த போன்காரர் தவறிட்டாரு. போன்ல உங்க மிஸ்டு கால் இருக்கு. நீங்க அவருக்கு என்ன வேணும்?”