மாப்பிள்ளையின் தமிழ்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. என் மகளுக்குப் பேசிய மாப்பிள்ளை அகிலரூபன் ஒஸ்லோவில் பிறந்து, அங்கேயே தனியாக வாழ்பவன். அவன் தமிழில் மருந்துக்கும் ஓர் இலக்கணப் பிழை இல்லை. அதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. தினமும் சண்டை பிடிக்க ஆளில்லாமல் இலக்கணம் இப்படி நிற்காது; வீட்டில் எவளையோ ஒளித்து வைத்திருக்கிறான். போய் வேலியால் எட்டிப் பார்த்தேன். முற்றத்தில், இடுப்பில் சாரம் கட்டிய ஒரு பனிப்பொம்மையோடு அவன் கத்திக்கொண்டிருந்தான்.

"நேற்று நீர் சொன்னதென்ன, இப்ப கதைக்கிறதென்ன?"

"நான் அப்படிச் சொல்லேல்லை. வேலிக்கு அங்கால நிக்கிற மாமாவைக் கேளும்" என்றது பொம்மை.

கலியாணத்தை வெயில் காலத்துக்குத் தள்ளிப்போட்டேன். பொம்மை உருகிய பிறகும் அவன் தமிழ் நிற்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

எனக்குப் பிறந்த இரண்டும் ஆண்பிள்ளைகள்.