அக்கா வீட்டுக்குப் பக்கத்தில்

தூங்கிக்கொண்டிருந்த மகளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன். அவள் கை மட்டும் என்னோடு வரவில்லை. அவளைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்ளும் அக்காவின் ஆள்காட்டி விரலை இறுக்கிப் பிடித்திருந்தது.

"இருங்க தம்பி, வெடுக்குனு இழுத்தா முழிச்சுக்குவா," என்றார் அக்கா.

முழித்தால் தொலைந்தேன். அப்புறம் வீட்டில் ஒருவருக்கும் தூக்கம் கிடையாது. வாசற்படிக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அக்காவுமாக, மூன்று வயதுப் பிள்ளையின் பிடியில் மாட்டிக்கொண்டு நின்றோம்.

இரண்டு ரயில், ஒரு பஸ் மாறி வந்த கால் கெஞ்சியது. இரண்டாவது ரயிலில் எவனோ மிதித்த சுண்டுவிரல் இன்னும் விண்விண்ணென்று வலித்தது.

எல்லாம் அக்காவின் இந்த விரலுக்காகத்தான்.

முன்பு இருந்த வீட்டிலிருந்து ஆபீஸுக்குப் பொடிநடையாகப் போய்விடலாம். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே வந்துவிடுவேன். மகாராஜா வாழ்க்கை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை. அந்தப் பக்கத்துக் காப்பகம் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. ஒன்றில் அழுது அழுது தொண்டை கட்டிப்போனாள். இன்னொன்றில் ஊட்டுகிற சோற்றையெல்லாம் துப்பினாள். நாங்கள் போய்க் கூப்பிடும்வரை ஷூவைக் கழற்றவே விடமாட்டாள்.

நர்ஸாக இருக்கும் என் மனைவிக்கு யாரோ இந்த அக்காவைச் சொன்னார்கள். ஊரின் மறுகோடி. சும்மா ஒரு மத்தியானம் விட்டுப் பார்த்தோம். திரும்பி வந்தபோது ஷூ வாசலில் கிடந்தது. பிள்ளை கிண்ணத்தை வழித்துத் தின்றுவிட்டு, அக்காவின் விரலைப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

அவ்வளவுதான். அக்கா நம் பக்கம் வரமாட்டார் என்றால் நாம் அக்கா பக்கம் போவோம் என்று, வீட்டைக் காலி செய்துகொண்டு வந்துவிட்டோம். ஆள் கிடைத்ததற்காக வீடு மாறுகிறவர்களை இப்போதுதான் பார்க்கிறோம் என்று சொந்தக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். மனைவி பழைய ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு இங்கே ஒன்றில் சேர்ந்தாள். புது வீட்டுக்காரர், ஒரு வருஷத்துக்கு அசையக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார். பட்டப்பகலிலும் லைட்டைப் போட்டால்தான் செருப்பு ஜோடி சேரும், அப்படியொரு வீடு.

பழைய வீட்டுக்காரர், நாங்கள் கிளம்பிய அன்றைக்கும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்குக் கீழே என் மகள் பச்சை கிரேயானால் ஒரு யானை வரைந்துவிட்டாள். தும்பிக்கை எது, வால் எது என்று அவளைக் கேட்டால்தான் தெரியும். தேய் தேய் என்று தேய்த்தும் அது போகவில்லை.

அந்த ஜன்னல் காற்றைப் பற்றித் தினமும் சாயங்காலம் இந்த வாசலில் நின்று அக்காவிடம் பெருமையடிப்பேன். இருக்கிற வயிற்றெரிச்சலை வேறு யாரிடம் போய்க் கொட்டுவது?

"தம்பி, ஒண்ணு சொல்லணும். எப்படிச் சொல்றதுன்னு தெரியாம நாலு நாளா முழுங்கிட்டு இருக்கேன்."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. பிடிபட்ட விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய மகளுக்கு வேலை கிடைத்திருக்கிறதாம். கைக்குழந்தையை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பேரனைப் பார்த்துக்கொள்ள, அக்கா இங்கே காலி செய்துவிட்டு மகளோடு போய் இருக்கப்போகிறார். வருகிற மாதமே.

இப்படி நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போகிறீர்களே என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினால் பிள்ளை முழித்துக்கொள்வாள். கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. சொந்தப் பேரனை விட்டுவிட்டு என் பிள்ளையைப் பாருங்கள் என்று எந்த வாயால் சொல்வது? கையெழுத்துப் போட்ட வீடு, மனைவியின் புது வேலை, அந்த இரண்டு ரயில், ஒரு பஸ், எல்லாம் அப்படியே இருக்கும். அக்கா மட்டும் இருக்க மாட்டார்.

"வீடு எங்கக்கா?" என்று கேட்டேன். நடக்கிற தூரமாக இருந்துவிடாதா என்று ஒரு நப்பாசை.

"உங்க ஆபீஸ் பக்கம்தான் தம்பி. மகளுக்கு வேலையே அங்கதானே. போன மாசம், தெரிஞ்சவங்களுக்குன்னு உங்ககிட்ட புரோக்கர் நம்பர் வாங்கினேன்ல, அவருதான் காட்டினாரு. நீங்க சொன்ன மாதிரியேதான், என்னமா காத்து வருது! ஜன்னலுக்குக் கீழ மட்டும், முன்ன இருந்தவங்க பிள்ளை பச்சைப்பச்சையா என்னமோ கிறுக்கி வச்சிருக்கு. மாடா மரமான்னு தெரியல. என் பேரன் அதைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறான்."

தோளில் பிள்ளை புரண்டு படுத்தாள். அப்போதும் பிடியை விடவில்லை.

"அது யானைக்கா," என்றேன்.