ஆறு பச்சைத் தவளைகள்

சூளைக் கதவு திறந்ததும் ஹாவ்ரன் கண்ணில் முதலில் பட்டது அவனுடைய ஜாடி இல்லை. அதை ஒட்டி உட்கார்ந்திருந்த ஆறு தவளைகள்.

பச்சைத் தவளைகள். காபிக் குவளைகளின் விளிம்பில் தொற்றிக்கொண்டு, வாயைப் பிளந்துகொண்டு, நாக்கு வேறு.

"பெங் மாஸ்டர், இந்தக் கண்றாவிய யாரு என் ஜாடி பக்கத்துல வச்சது?"

"நான்தான். தட்டுல இடமில்ல. இது வாடகைச் சூளைப்பா, உனக்குன்னு தனி ரூம் போட மாமியார் வீடா?"

சீனாவின் பீங்கான் ஊரான ஜிங்தேஜென்னில் மண் பிடிக்கிறவர்களில் பாதிப் பேருக்குச் சொந்தச் சூளை கிடையாது. செய்ததைப் பலகையில் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நிற்பார்கள். பெங் அடுக்கிச் சுட்டுக் கொடுப்பார். அந்த வரிசையில் நின்றபடி அடுத்தவர் பலகையைப் பழிப்பதுதான் ஹாவ்ரனுக்குப் பொழுதுபோக்கு.

நீலத் தாமரை தீட்டியவனிடம், "ஸ்கூல் நோட்டு அட்டையா?" என்பான். தங்க விளிம்பு வைத்தவளிடம், "கவரிங் எத்தனை நாள் தாங்கும்?" என்பான். பூப்படம் ஒட்டிச் சுடுகிறவர்களோடு பேசவே மாட்டான்.

அவன் செய்வது வெள்ளை மட்டும். வெள்ளீயம் கலந்த பூச்சு, பால் மாதிரி வெள்ளை. பதினோரு வருடமாக அதில் ஒரு கோடு கிடையாது, ஒரு புள்ளி கிடையாது.

முந்தாநாள் வரிசையில் தவளைக்காரி ருவோலான் மாட்டினாள்.

"ஏம்மா, வடிவம் வரலேன்னா பச்சைய அப்பித் தவளைய ஒட்டிடுவியா? கையில தெம்பிருந்தா வெள்ளைல செஞ்சு காட்டு."

வரிசையே சிரித்தது. இன்று சுட்ட குவளைகளை எடுக்கக்கூட அவள் வரவில்லை.

ஹாவ்ரனுக்கு இன்று சிரிக்க நேரமில்லை. ஷாங்காயில் கேலரி நடத்தும் தெங் மேடம் அவன் ஜாடிகளை இரண்டு முறை திருப்பி அனுப்பியிருந்தார். "சுத்தமா இருக்கு. ஆஸ்பத்திரி பேசின் மாதிரி" என்று ஒரு வரி எழுதி. கடைசியாக ஒரு முறை, சூளை திறக்கும் நேரத்துக்கே நேரில் வருகிறார். இந்த ஜாடி பிடித்துவிட்டால் இலையுதிர்காலக் கண்காட்சியில் அவனுக்குத் தனி அறை. பிடிக்காவிட்டால் இனி இந்தப் பக்கமே வரமாட்டார்.

ஜாடியைத் திருப்பினான்.

தவளைகள் பக்கம் இருந்த தோள் முழுக்க ரோஜா நிறம். தோளில் அடர்ந்து, வயிற்றுக்கு வரும்போது மெலிந்து, காணாமல் போயிருந்தது.

பச்சையில் இருக்கிற குரோமியம் சூட்டில் ஆவியாகிப் பறக்கும். பக்கத்தில் வெள்ளீயம் இருந்தால் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடம் பச்சையாகாது, ரோஜாவாகும். இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விபத்து இது. அதனால்தான் இரண்டையும் ஒரே தட்டில் வைப்பதே இல்லை.

"அடக் கடவுளே, அவசரத்துல கவனிக்கலப்பா" என்றார் பெங்.

ஹாவ்ரன் கத்துவதற்கு வாயைத் திறந்தான்.

"அடடா!" என்றது பின்னால் ஒரு குரல். தெங் மேடம். கைப்பையைப் பெங்கிடம் திணித்துவிட்டு ஜாடியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெயில்ல ஓடி வந்த குழந்தை கன்னம் மாதிரி இருக்கே! பிரஷ் தடமே இல்ல. எப்படிப்பா செஞ்சே?"

ஹாவ்ரன் வாயை மூடினான். மறுபடி திறந்தான்.

"பதினோரு வருஷ உழைப்பு மேடம்."

பெங்குக்கு இருமல் வந்தது. நிற்கவே இல்லை.

"தனி அறை உனக்குத்தான். இதே மாதிரி இன்னும் எட்டு வேணும், செப்டம்பருக்குள்ள. வெறும் வெள்ளை ஒண்ணுகூட வேண்டாம்."

கார் கிளம்பும் வரை கையாட்டிவிட்டு, ஹாவ்ரன் பெங்கின் பக்கம் திரும்பினான். "மாஸ்டர், மறுபடி வருமா?"

"வரும். எதையும் மாத்தாம இருந்தா. அதே தட்டு, அதே மூலை. பக்கத்துல அதே பச்சைல, இன்னும் சுடாத புதுத் தவளை, ஆறுக்கு ஆறு; ஒரு தடவை சுட்டது உதவாது. ஒண்ணு குறைஞ்சாலும் என்னைக் கேக்காதே."

ஆறு தவளைகளையும் பலகையில் ஏற்றி, தானே தூக்கிக்கொண்டு தெருவழியே ருவோலானின் பட்டறைக்கு நடந்தான். நீலத் தாமரைக்காரன் வாசலில் நின்று பார்த்தான். ஆறு தவளைகளையும் விரல் விட்டு எண்ணினான். கிண்டலே பண்ணியிருந்தால் தேவலை.

ருவோலான் முழங்கை வரை வெள்ளையோடு ஓடி வந்தாள். அவள் பின்னால் மேசை நிறையக் குவளைகள். எல்லாம் வெள்ளை. ஒரு கோடு கிடையாது, ஒரு புள்ளி கிடையாது.

"அண்ணே, நீங்களா தூக்கிட்டு வந்தீங்க? நீங்க அன்னைக்குச் சொன்னது நல்லா உறைச்சிருச்சு. பச்சை வாளியக் கவுத்துட்டேன். தவளைய இனிக் கையால தொட மாட்டேன். சத்தியமா!"

மறுபடி தவளை செய் என்று அவளிடம் சொல்ல ஒரு வார்த்தை போதும். ஏன் என்று கேட்பாள். அதைச் சொல்ல அவனுக்கு வாய் வராது.

பலகையை மெதுவாகக் கீழே வைத்தான். ஒரு குவளையை எடுத்து, அந்தப் பச்சை உடம்பைக் கண்ணருகே பிடித்து, கால், வாய், நாக்கு என்று விரலால் அளந்து பார்த்தான்.

"ஏம்மா," என்றான். "முன்னங்காலுக்கு விரல் நாலா, அஞ்சா?"