அடுப்பு மூட்டாத விருந்து

வலது தோளின் வலி இன்னும் இறங்கவில்லை. காலையிலிருந்து கேன்டீனில் முந்நூறு பேருக்குக் கிளறிய கை அது. வீட்டுச் சமையலறையில் சமையல்காரி கடையில் வாங்கிய கோழிக் குழம்பைத் தன் பாத்திரத்தில் கொட்டி மூடுகிறாள். காலிப் பொட்டலங்களை மேடைக்கடியில் தள்ளுகிறாள். முன்னறையில் கேன்டீன் பெண்கள் நாலு பேர் சிரிக்கிறார்கள். புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளும் இவள் வேலையைப் பங்குபோட்டுச் செய்தவர்கள். “என் கையால ஆக்கிப் போடறேன்” என்று அவர்களிடம் சொன்ன வாக்குக்குத்தான் இந்த விருந்து. அவர்களில் பாத்திரம் கழுவுகிறவள் தண்ணீருக்காக உள்ளே வருகிறாள். வந்த கை சும்மா இராமல் மேடையைத் துடைக்கிறது, அடுப்பருகே நிற்கிறது. “என்னக்கா, அடுப்பு சில்லுனு கெடக்கு? இதுக்கு இன்னைக்கு லீவா?” சமையல்காரி தோளைப் பிடித்தபடி ஸ்டூலில் உட்கார்கிறாள். “முடியலடி.” “தெரியும். கேன்டீன்ல கரண்டிய இடது கைக்கு மாத்தினப்பவே பாத்தேன். அவளுங்ககிட்ட மூச்சு விடமாட்டேன், நகரு.” சன்னல் வழியே சாய்ந்த வெயில் ஈரமில்லாத அம்மிபோல் காய்ந்துகிடக்கும் அடுப்பின்மேல் விழுகிறது. தட்டுகள் ஒவ்வொன்றாய் முன்னறைக்குப் போகின்றன. நாலு பேருக்கும் இவள் கையால் ஆக்கிப் போடவேண்டிய ஒரு வேளைச் சாப்பாடு இன்னும் பாக்கி.